நாக்குப் பரீட்சை

சர்க்கரை வியாதிக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து சர்க்கரை தின்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதுவும் எங்கள் ஆராய்ச்சி மையத்தின் காத்திருப்பு அறையில், ஊழியர்கள் டீ போடும் மேசையிலிருந்து கிளப்பிக்கொண்டு போன என்னுடைய சர்க்கரை டப்பாவிலிருந்து.

நான் கதவைத் திறந்தபோது லிஃப்ட் மெக்கானிக் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். நாக்கின் மேல் பச்சைத் தூள். அவருக்கு எதிரே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கையில் ஸ்பூனோடு பல் டாக்டர் மாதிரி குனிந்து நின்றார். பக்கத்திலிருந்த தையல்கார அம்மா, "சீக்கிரம் இன்னொரு ஸ்பூன் போட்டுப் பாருங்க சார், அந்த மிளகாப்பொடி வந்துடப் போகுது" என்றார்.

மிளகாய்ப்பொடி என்பது நான்தான். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வந்துட்டேன்," என்றேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தது சிறுகுறிஞ்சான் இலை. சர்க்கரைக்கு நல்லது என்று ஆளாளுக்குச் சொல்கிற அதே இலைதான். சொன்னால் போதுமா? வழக்கமான மாத்திரையோடு இதையும் கொடுத்தால் நிஜமாகவே சர்க்கரை குறைகிறதா, கூடவே ஏதாவது கெடுதல் வருகிறதா என்று யாராவது மெனக்கெட்டுப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தச் சோதனை. பாதிப் பேருக்கு இலைத்தூள் அடைத்த கேப்ஸ்யூல். மீதிப் பேருக்குப் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் டம்மி, உள்ளே வெறும் பச்சை மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் எனக்கும் தெரியாது, சோதனையை நடத்தும் பெரிய டாக்டருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் மனசு தன் வேலையைக் காட்டிவிடும். அசல் கிடைத்தவர் அன்றைக்கே குணமாகிவிட்டதாக நடமாடுவார், டம்மி கிடைத்தவர் நமக்கு எதற்கு வம்பு என்று வராமலே இருந்துவிடுவார்.

இதை அவர்களுக்கு விளக்குவதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. முதல் கூட்டத்தில், "உங்கள்ல பாதிப் பேரு கன்ட்ரோல் குரூப்" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். டம்மி வாங்குபவர்களுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். அவ்வளவுதான், இருந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். "மேடம், என்னை அதுல போடுங்க, எனக்கு வருஷக்கணக்கா கன்ட்ரோல்லயே இல்ல" என்றார் வாத்தியார். தையல்கார அம்மா, தன் தம்பியையும் கன்ட்ரோலில் சேர்க்க ஏதாவது வழி உண்டா என்று தனியாக வந்து கேட்டார்.

அந்த இலைக்கு ஒரு குணம் உண்டு. நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டாலும் மண்ணை மெல்கிற மாதிரிதான் இருக்கும். கேப்ஸ்யூலுக்குள் இருப்பது நாக்கில் எங்கே படப்போகிறது என்று டாக்டர் முதல் நான் வரை எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். கேப்ஸ்யூலைப் பிரித்து, தூளை நாக்கில் கொட்டி, மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டால், இனித்தால் டம்மி, இனிக்காவிட்டால் அசல் என்று கண்டுபிடித்துவிடலாம். இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியாருக்குத் தோன்றிவிட்டது.

"என்ன சார் நடக்குது இங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஒரு சின்ன செக்கிங்."

"சுகர் இருக்கிறவங்க உக்காந்து சர்க்கரை திங்கறது செக்கிங்கா?"

"ஒரு ஸ்பூன்தானே? அதுவும் இவருக்கு மண்ணு மாதிரிதான் இருக்காம். மண்ணு தின்னா சுகர் ஏறாதுல்ல மேடம்?"

வாழ்க்கை முழுவதும் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் இதைக் கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பூனைப் பிடுங்கி என் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். எத்தனை பேருடைய உழைப்பு, எத்தனை நாள் தூக்கம், நாளைக்கு இந்த இலை பலன் தருகிறதா என்று யாராவது கேட்டால் நாக்கை நீட்டிக் காட்டுவீர்களா என்று கத்தினேன். லிஃப்ட் மெக்கானிக் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். பயந்த சுபாவம். ஆறடி உயரம், இரும்புக் கம்பியை முறுக்குகிற கை, ஆனால் நான் குரலை உயர்த்தினால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பார்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டார். பிறகு, "யார் யார் டேஸ்ட் பாத்தாங்க?" என்றார். கேட்டுப் பார்த்தேன். யாருமே பார்க்கவில்லையாம். வாத்தியார் கையிலிருந்த ஸ்பூன் தானாகவே அவர் கைக்கு வந்ததாம். நான் கண்ணால் பார்த்த மெக்கானிக்கை மட்டும் தனியாகக் கணக்கில் வைத்துக்கொள்வது, மற்றவர்களை வைத்துச் சோதனையைத் தொடர்வது என்று மேலிடத்தில் முடிவானது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு யாரிடம் கொட்ட? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இரண்டு பக்கத்தையும் பேசவிட்டு நடுவில் கேட்டுக்கொண்டிருந்தே பழக்கப்பட்டவள். சுவாரசியமான இடம் வந்தால் அவள் கண் மட்டும் கொஞ்சம் சுருங்கும். அன்றைக்கு நாக்கு, தூள், மண் என்று நான் சொல்லச் சொல்ல அது சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கிருந்த எரிச்சலில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"அப்போ அந்த லிஃப்ட் தம்பிக்கு அசல்தான் கிடைச்சிருக்கு," என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல."

"மண்ணு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னியே."

"அம்மா, ஆளை விடு."

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொள்பவரும் அந்த மெக்கானிக்தான். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்து, மையத்துக்கு வரச் சொன்னதே நான்தான். அந்தக் கோபம் அம்மாவுக்கு அப்போதிலிருந்தே உண்டு.

"ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் தேடித் தேடிக் குடுக்கற. பெத்தவளுக்கு ஒண்ணு குடுக்க மாட்டேங்கற."

"சொந்தக்காரங்களைச் சேக்கக் கூடாதும்மா. அது விதி. அதோட, அது மருந்துன்னே இன்னும் முடிவாகல. முடிவு பண்ணத்தான் சோதனை."

"நீங்க முடிவு பண்றதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன்."

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன பேச? நான் அவளுடைய சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தேன். காலையும் மாலையும் அவள் அதை விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பேன். நிற்காவிட்டால் அது சோபா இடுக்குக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு வீட்டில் புதிதாக ஒரு தொல்லை ஆரம்பித்தது. நான் எது செய்தாலும் அம்மாவுக்கு ருசிக்கவில்லை.

"என்ன டீ இது? சப்புன்னு இருக்கு."

"எப்பவும் போடற அரை ஸ்பூன் போட்டிருக்கேம்மா."

"போட்ட மாதிரியே தெரியல. வாழைப்பழம் வேற சுண்ணாம்பு மாதிரி இருக்கு. எங்கதான் போய் வாங்கறியோ."

நான் அந்தப் பழக்கடைக்காரரிடம் போய்ச் சண்டையே போட்டுவிட்டு வந்தேன். அவர் ஒரு பழத்தை உரித்து என் கண்முன்னாலேயே தின்று, "தேன் மாதிரி இருக்கும்மா" என்று பாவமாகச் சொன்னார். போகப் போக அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வருஷக்கணக்காக நான் கத்தியதற்குக் கடைசியில் பலன் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. டாக்டரிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மையத்தில் மெக்கானிக்கின் கதை வேறு மாதிரி போனது. ஆரம்பத்தில் அவருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியது. பிறகு திடீரென்று ஏற ஆரம்பித்தது. பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது. அசல் இலையைத் தின்கிற ஆள் என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டதால் வயிறு எரிந்தது. இவருக்கே குறையவில்லை என்றால் இந்த இலையில் ஒன்றுமே இல்லையா? இத்தனை பாடும் தண்டம்தானா?

இத்தனைக்கும் கேப்ஸ்யூல் விஷயத்தில் அவர் படு ஒழுங்கு. மற்றவர்கள் மறந்துபோனது, தொலைந்துபோனது, பேரன் உருட்டி விளையாடியது என்று ஆளுக்கொரு கதையோடு பாதி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் சுத்தமான காலி பாட்டிலை மேசையில் வைப்பார். அதை நான் வாத்தியாரிடம் தூக்கிக் காட்டி, "இவரைப் பாத்துக் கத்துக்குங்க சார்" என்றேன். மெக்கானிக் பொத்தானைத் திருகினார். பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

"என்ன சாப்பிடறீங்க? ஏன் இப்படி ஏறுது?" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"எப்பவும் சாப்பிடறதுதான் மேடம்."

"மயக்கம், தலைசுத்தல், கை நடுக்கம் எதுவும் இல்லையே?"

அவர் வாயைத் திறந்தார். எனக்கு வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள். பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அவரையே முறைத்துப் பார்த்தேன்.

"இல்ல மேடம்," என்றார்.

அடுத்து நடந்தது ஒரு விடுமுறை நாளில். அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க லேபிலிருந்து வீட்டுக்கே ஆள் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. போன் பண்ணினால், "பக்கத்துலதான் மேடம் இருக்கேன்" என்றார். அதன்பிறகும் வெகுநேரம் அவர் பக்கத்திலேயே இருந்தார். "பசிக்குதாம்மா?" என்று கேட்டதற்கு அம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று மர்மமாகச் சிரித்தாள். நான் பால்கனியில் துணி காயப்போடப் போனேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "லைன் பிஸியா இருக்கு. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

"யார்கிட்டம்மா பேசற?"

"கனெக்‌ஷன் குடுத்தாச்சு. பேசுங்க."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, "இங்க நான் ஒருத்தி கிடந்து அல்லாடறேன், உனக்கு விளையாட்டா இருக்கா?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. அவள் விரல்கள் அங்கே இல்லாத பொத்தான்களைக் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தன. தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது.

விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் மீட்டர்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். மறுபடி குத்தினேன். அதே எண். எத்தனை நோயாளிகளுக்கு நான் பாடம் எடுத்திருப்பேன், சர்க்கரை ரொம்பக் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று! என் வீட்டுச் சமையலறையில் என் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தேன். கண்முன்னால்தான் இருந்தது.

கொஞ்சம் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கரைத்து, அம்மாவை நிமிர்த்திப் பிடித்து, ஒரு ஸ்பூன் வாயில் விட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள். கரையாமல் கிடந்த சர்க்கரை உதட்டோரத்தில் வழிந்தது.

"மண்ணு," என்றாள். "ஏன்டி மண்ணை வாயில போடற?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. சப்பென்ற டீ, சுண்ணாம்பு வாழைப்பழம், திறக்காத பிஸ்கட் டப்பா, மெக்கானிக்கின் காலி பாட்டில் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. அந்த இலை இனிப்பை நாக்கிலிருந்து மட்டும் மறைப்பதில்லை. குடலிலும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்று நாங்களே படித்துப் படித்துப் பேசியிருக்கிறோம். ஊட்டுவது போய்ச் சேருமா, சேருவதற்குள் இவள் என்ன ஆவாள்?

"மண்ணு இல்லம்மா, சர்க்கரை. முழுங்கு. முழுங்கித் தொலையேன்!"

நான் அழுதுகொண்டிருந்தேன். திட்டிக்கொண்டும் இருந்தேன். அம்மா என் முகத்தை யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்பதுபோலப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஸ்பூன் ஸ்பூனாக முழுங்கினாள், ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் துப்பாமல். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் காரில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டிலிருந்து கிளம்பி லிஃப்ட் கதவு மூடும்போதுதான் எங்கள் வாசலில் ரத்தம் எடுக்கும் ஆள் பையோடு வந்து நின்றார். "சாரி மேடம், பக்கத்துலதான் இருந்தேன்," என்றார்.

கையில் குளுக்கோஸ் ஏறி, அம்மா அம்மாவாக ஆனதும் என்னுடைய விசாரணை ஆரம்பித்தது.

"எத்தனை போட்ட?"

"எப்பவும் ஒண்ணுதான். இன்னிக்கு ரெண்டு."

"ரெண்டா!"

"எனக்குத்தான் கேப்ஸ்யூல் தொண்டையில நிக்குமே. பிரிச்சு வாயில கொட்டிக்கிட்டேன்."

"மாத்திரை? வெறும் வயிறு, இன்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தேனே?"

"அதையும் போட்டேன்."

"சாப்பிடவும் இல்ல."

"சாப்பிடக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"ஏம்மா? எதுக்கும்மா இப்படி?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "ரிப்போர்ட் நல்லா வரட்டும்னுதான். வந்ததும் உன் மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்னு இருந்தேன்."

பரீட்சையன்று காலையில் புத்தகத்தை ஒரேயடியாக விழுங்கப் பார்க்கும் பிள்ளைக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்த திட்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கருவிப் பையும் கிரீஸ் கறையுமாக ஓடி வந்தார். வராந்தாவில் நின்று அவர் மேல் பாய்ந்தேன்.

"என் அம்மாவைக் கொல்லப் பாத்தீங்களே! உங்க மருந்தைத் தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமா? ஏன் குடுத்தீங்க?"

"அம்மா ரொம்பக் கேட்டாங்க மேடம். லிஃப்ட் பாக்க வரும்போதெல்லாம் டீ குடுப்பாங்க. நீங்க அவங்களுக்கு மட்டும் தர மாட்டேங்கறீங்கன்னு சொல்லி வருத்தப்பட்டாங்க. எனக்கும் அது வேண்டாம்னு இருந்துச்சு."

"ஏன் வேண்டாம்?"

பொத்தானைத் தேடினார். வேலைச் சட்டையில் பொத்தான் இல்லை, ஜிப்தான் இருந்தது. அதை ஏற்றி இறக்கினார்.

"அதைப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து தலை சுத்துச்சு மேடம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ஒரு நாள் லிஃப்ட் பெட்டி மேல நின்னு வேலை பாத்துட்டு இருக்கேன், கண்ணு இருட்டிட்டு வந்துருச்சு. கம்பியைக் கட்டிப் புடிச்சுட்டேன். இல்லன்னா கீழ போயிருப்பேன். அப்புறம் பயந்துட்டு நிறுத்திட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கெடுதல் ஏதாவது உண்டா என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு! அந்தக் கெடுதல் இந்த மனிதரை லிஃப்ட் குழிக்குள் தள்ளப் பார்த்திருக்கிறது, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டிலை வைத்துவிட்டும் போயிருக்கிறது.

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே?"

"நீங்க எங்க மேடம் கேட்டீங்க?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "எதுவும் இல்லையேன்னுதானே கேட்டீங்க. இருக்குன்னு சொன்னா திட்டுவீங்களோன்னு பயம். நாக்கு நீட்டினதுக்கே அவ்வளவு திட்டினீங்க."

திறந்திருந்த கதவு வழியாக அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தம்பி சொல்றது சரிதான்டி. நீ கேக்கற கேள்வியிலயே பதிலும் இருக்கும்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் புத்தி. படுத்த படுக்கையிலும் நடுவில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் வீட்டிலிருந்தே சோதனை நாறிப்போனது உட்பட. அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை மட்டும் தேய்த்துக்கொள்ளவில்லை. "அவர் நல்லா இறங்கி அப்புறம் ஏறினாரே, அது நிறுத்தினதாலயா?" என்றார். "அப்போ இலையோட மாத்திரையும் சேந்து ரொம்ப இறக்குதா? மத்தவங்க எல்லாருக்கும் இப்பவே போன் போடுங்க. கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லுங்க. என்ன பண்ணுதுன்னு கேளுங்க."

கேட்டேன். முதலில் வாத்தியாருக்குப் போட்டேன். "சார், தலைசுத்தல் எதுவும் இல்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன். "தலை சுத்துதா சார்?"

வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன்." அதைச் சொல்வதற்குள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சுத்துது மேடம். காலைல எந்திரிச்சா லேசா. சொன்னா வெளிய அனுப்பிடுவீங்கன்னு சொல்லல."

தையல்கார அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை ஆடுகிறதாம். கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று போய்ப் புதுக் கண்ணாடியே வாங்கிவிட்டாராம். இன்னும் சிலருக்கு வேர்வை, சிலருக்குப் பதற்றம். சிலருக்கு ஒன்றுமே இல்லை, அவர்கள் டம்மியாக இருக்கலாம். எங்களிடம் வந்து இத்தனை காலம் நன்றாக இருக்கிறோம் என்று சொன்ன இவர்கள், கேட்கிற மாதிரி கேட்டதும் கடகடவென்று சொல்கிறார்கள். இலை ஏதோ செய்கிறது. செய்வது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் மேசையை ஒரு குத்துக் குத்தினேன். கைதான் வலித்தது.

சோதனை இப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மாத்திரையின் அளவைக் குறைத்து, புது ஆட்களோடு, நாக்கில் பட்டாலும் வித்தியாசம் தெரியாத மாதிரி டம்மி செய்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். முதலிலிருந்து! இலை நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. என் அம்மா ஒருத்தி மயங்கி விழுந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ நான் விழுந்தது வேஸ்ட்டா?" என்று கோபித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அரை ஸ்பூன் சர்க்கரைதான். ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்பத்தான் டீ மாதிரி இருக்கு" என்றாள். நான் எதிரே உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்தே மனசில் குடைந்துகொண்டிருந்த ஒன்றைக் கேட்டேன்.

"அன்னிக்கு உன் வாயில போட்டது சர்க்கரைன்னு தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது? மண்ணுதான். நறநறன்னு மண்ணு."

"அப்புறம் ஏன் துப்பல? ஒவ்வொரு ஸ்பூனா முழுங்கினியே."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"நீ அழுதுக்கிட்டே ஊட்டினியே. மண்ணா இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு முழுங்கிட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், "இனிமே யாரு மண்ணு குடுத்தாலும் துப்பணும்மா! நான் குடுத்தாலும் துப்பணும்!" என்று கட்டடமே கேட்கும்படி கத்தினேன்.